ஓடையில் கலந்தது எந்த விலங்கின் கழிவு?

(மாவட்ட அளவிலான அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப் போவது சாணத்தையும் புழுக்கையையும் பற்றி. இந்த அமர்வை மதிய உணவுக்கு முன்பு வைக்காமல் பின்பு வைத்த அமைப்பாளர்களுக்கு முதலில் நன்றி.

உங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தமிழும் அறிவியலும் சேர்த்தே நடத்துகிறீர்கள். அதனால் தமிழிலிருந்தே தொடங்குகிறேன். மாடு போடுவது சாணம். ஆடு போடுவது புழுக்கை. யானையும் குதிரையும் போடுவது இலத்தி. கோழியும் காக்கையும் இடுவது எச்சம். நம் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூட இவற்றை மாற்றிச் சொல்லாது. தரையில் கிடக்கும்போது எது எதனுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மழை பெய்து, அது கரைந்து, ஓடையில் கலந்த பிறகுதான் சிக்கல். அப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பெயராகிவிடுகிறது. ஆய்வக அறிக்கையில் ‘மலக் கோலிஃபார்ம் உள்ளது’ என்று ஒற்றை வரி வரும். யாருடையது என்று வராது.

உங்களில் பலர் ஊராட்சியில் கொடுக்கும் குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சிறு பாட்டில் இருக்கும். குறியிட்ட அளவு வரை தண்ணீரை ஊற்றி, மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், அசுத்த நீர் என்றால் கறுத்துவிடும். இது நம் நாட்டில் பிறந்த சோதனை. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவரும் 1982இல் இதை வெளியிட்டார்கள். குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். பாட்டிலில் உள்ள இரும்பு உப்புடன் அது சேர்ந்து இரும்பு சல்பைடாக மாறும். அதுதான் அந்தக் கறுப்பு. பத்தாம் வகுப்பு வேதியியலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மலிவானது, மின்சாரம் வேண்டாம், எட்டாம் வகுப்பு மாணவி தனியாகச் செய்யலாம்.

பள்ளிகளுக்குப் போய் இதைச் செய்து காட்டும்போது ஒவ்வொரு முறையும் ஒன்று நடக்கும். பாட்டில் கறுத்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “யாரோடது சார்?” வகுப்பே சிரிக்கும். ஆசிரியர் அதட்டுவார். அதட்ட வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அறிவியல் நூறு ஆண்டுகளுக்கும் மேல் பதில் சொல்ல முடியாமல் நின்ற கேள்வி அது.

1885இல் மியூனிக் நகரில் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். இன்று அதை ஈ.கோலை என்கிறோம். வெப்ப இரத்த விலங்குகளின் குடலில் வாழ்வது. வளர்ப்பதற்கும் எண்ணுவதற்கும் எளிது. அதனால் தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டும் அடையாளமாக அதை உலகம் ஏற்றுக்கொண்டது. நம் இந்தியத் தர நிர்ணயமும் குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் ‘வெப்ப இரத்த விலங்குகள்’ என்பது எவ்வளவு பெரிய பட்டியல், பாருங்கள். மனிதர், மாடு, ஆடு, பன்றி, நாய், வாத்து, வௌவால் என எல்லாம் அதில் அடக்கம். இது போதாதென்று, ஹவாய் போன்ற வெப்பத் தீவுகளில் ஈ.கோலை மண்ணிலேயே தங்கிப் பெருகுவதையும் பார்த்திருக்கிறார்கள். அங்கே எண்ணிக்கை கூடினால் புதிதாகக் கழிவு கலந்தது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.

பிரித்தறிய முயலாமல் இல்லை. ஒரு காலத்தில் விகிதக் கணக்கு ஒன்று இருந்தது. மலக் கோலிஃபார்ம் எண்ணிக்கையை மல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 4க்கு மேல் என்றால் மனிதக் கழிவு, 0.7க்குக் கீழ் என்றால் விலங்குக் கழிவு. அழகான கணக்குதான். ஆனால் தண்ணீரில் இந்த இரண்டு வகையும் ஒரே வேகத்தில் சாவதில்லை. காலையில் 4 காட்டிய கழிவு, நான்கு நாள் கழித்து வேறு எண்ணைக் காட்டும். அந்த முறை கைவிடப்பட்டது. விடை அழகாக வந்தாலும் அளக்கும் பொருள் நிலையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நான் இந்தக் கதையை இன்னும் வகுப்பில் பயன்படுத்துகிறேன்.

திருப்பம் வந்தது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில். அங்கே பசிபிக் கடலோரத்தில் டில்லமூக் என்றொரு விரிகுடா. மியாமி, கில்சிஸ், வில்சன், டிராஸ்க், டில்லமூக் என்று ஐந்து ஆறுகள் அதில் வந்து சேர்கின்றன. மழை அதிகம், புல் அதிகம், ஆகவே கறவை மாடுகளும் அதிகம். அந்த ஊர்ப் பெயரில் விற்கும் பாலாடைக்கட்டி அந்த நாடு முழுக்கப் பிரபலம். அதே விரிகுடாவில் சிப்பி வளர்ப்பும் நடக்கிறது. சிப்பி நாள் முழுதும் தண்ணீரை இழுத்து வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீரில் இருப்பது அதன் உடலில் சேரும். அதை அங்கே பச்சையாகவே சாப்பிடுவார்கள். ஆகவே ஆற்றில் மல பாக்டீரியா ஏறினால் சிப்பி அறுவடையை நிறுத்த வேண்டும். சிப்பிக்காரர் மாட்டுப் பண்ணையைப் பார்ப்பார். பண்ணைக்காரர் வீடுகளின் செப்டிக் தொட்டியையும் ஊரின் கழிவுநீர் நிலையத்தையும் பார்ப்பார். நம் ஊரில் வாய்க்கால் தகராறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெர்ன்ஹார்ட், கேதரின் ஃபீல்ட் இருவரும் ஈ.கோலையை ஒதுக்கிவிட்டு வேறொரு கூட்டத்தைத் தேடிப் போனார்கள். பாக்டீராய்டிஸ் என்ற இனமும் அதன் உறவினங்களும்தான் அந்தக் கூட்டம். குடலில் ஈ.கோலையைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பவை இவைதாம். பிறகு ஏன் அதுவரை யாரும் இவற்றைப் பெரிதாகக் கொள்ளவில்லை? இவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. தட்டில் வளர்த்து எண்ணுவது பெரும்பாடு. ஆனால் அந்தக் குறையே இங்கே நிறை. ஆக்சிஜன் ஆகாத உயிர் ஓடையில் பெருக முடியாது. அதன் தடயம் ஓடையில் இருந்தால், அது அண்மையில் ஏதோ ஒரு குடலிலிருந்து வந்தது என்றுதான் பொருள். இன்னொன்று: இவை நெடுங்காலமாகத் தத்தம் விலங்கின் குடலோடு ஒட்டியே வாழ்ந்து வந்தவை. புல் தின்று அசைபோடும் மாட்டின் வயிறும், சோறும் இறைச்சியும் தின்னும் மனிதக் குடலும் ஒன்றா? அங்கங்கே வாழும் வகைகளும் சற்றுச் சற்று வேறுபட்டுவிட்டன.

அந்த வேறுபாட்டை டி.என்.ஏ.வில் பார்க்கலாம். எல்லா பாக்டீரியாவுக்கும் 16எஸ் என்றொரு ஜீன் உண்டு. அதன் சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும், சில பகுதிகள் வகைக்கு வகை மாறும். மனித மலத்தில் மட்டும் வருகிற வரிசை எது, மாட்டுச் சாணத்தில் மட்டும் வருகிற வரிசை எது என்று தேடினார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மனிதனுக்குரிய அடையாளத்துக்கு எச்.எஃப்.183 என்று பெயர். இன்றும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மாட்டுக்கு சி.எஃப்.128. பிறகு பார்த்தால் சி.எஃப்.128 ஆட்டிலும் மானிலும்கூட வந்தது. ஆகவே அதை ‘மாட்டு அடையாளம்’ என்று சொல்வதை விட்டு ‘அசைபோடும் விலங்குகளின் அடையாளம்’ என்று திருத்திக்கொண்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நல்ல ஆசிரியர்களே இதைக் கேட்பார்கள்: “மாட்டின் டி.என்.ஏ.வைத் தேடுகிறார்களா?” இல்லை. மாட்டின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் தேடுகிறார்கள். மாட்டின் செல்லைத் தேடினால், அது தண்ணீர் குடிக்கும்போது சிந்திய எச்சிலும், பால் கறந்த பாத்திரம் கழுவிய நீரும்கூட ‘மாடு’ என்றே காட்டும். குடல் பாக்டீரியா கழிவு வழியாகத்தான் வரும். நம் ஊரில் ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் ஆட்டின் காதில் ஒரு வெட்டு அடையாளம் போடுவார்கள். மந்தை கலந்தாலும் காதைப் பார்த்துப் பிரித்துவிடலாம். மாணவர்களுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே அடையாளத்தை யாரும் போடவில்லை. இருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதை விளக்க எனக்கு இப்போது நேரமே ஆவதில்லை. கொரோனா காலம் எல்லோருக்கும் பி.சி.ஆர். என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டது. மூக்கில் குச்சி விட்டதற்குப் பதில் இங்கே ஓடை நீரை மிக நுண்ணிய துளைகள் உள்ள தாளில் வடிகட்டுகிறோம். பாக்டீரியா தாளில் தங்கும். அதை உடைத்து டி.என்.ஏ.வை எடுக்கிறோம். நாம் தேடும் வரிசையில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் பிரைமர்களைச் சேர்க்கிறோம். சூடாக்கி ஆற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துண்டு இரட்டிக்கும். ஒரு துண்டு 30 சுற்றில் எத்தனை ஆகும் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். 107 கோடியைத் தாண்டும். அடுக்குக்குறி பாடத்தில் இதைவிட உயிருள்ள கணக்கு எனக்குத் தெரியவில்லை.

டில்லமூக்கில் பின்னர் இரண்டு ஆண்டுகள், ஐந்து ஆறுகளிலும் விரிகுடாவிலுமாக 30 இடங்களில் தொடர்ந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். 2006இல் முடிவு வந்தது. மனித அடையாளத்தைவிட அசைபோடும் விலங்குகளின் அடையாளம் தென்படும் வாய்ப்பு 40 விழுக்காடு அதிகம். மழைக் காலத்தோடு சேர்ந்து அது ஏறி இறங்கியது. பண்ணைக்காரர்களுக்கு அது இனிப்பான செய்தியல்ல. ஆனால் மனித அடையாளமும் இருந்தது. இரண்டு தரப்பும் மற்றவரை மட்டும் கைகாட்ட முடியாது என்றாயிற்று. எந்த ஆற்றில், எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் எது அதிகம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. செய்ய வேண்டிய வேலையும் அதற்கேற்ப மாறும். சாணம் என்றால் ஓடைக் கரையில் வேலி, மழைக்கு முன் எரு போடாமலிருப்பது. மனிதக் கழிவு என்றால் செப்டிக் தொட்டி, உடைந்த குழாய்.

யாருடைய கழிவாக இருந்தால் என்ன, அசுத்தம் அசுத்தம்தானே என்று கேட்கலாம். நோய் வேறுபடுகிறது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, போலியோ போன்ற வைரஸ்கள் மனிதக் கழிவில் வருபவை. மாட்டுச் சாணத்தில் அந்த அச்சமில்லை, ஆனால் வேறு அச்சம் உண்டு. கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சுமார் 5,000 பேர் வாழும் ஊரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணையின் மாட்டு எரு ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. ஈ.கோலையிலேயே கொடிய வகையான ஓ157 குழாய் வழியாக வீடுகளுக்குப் போனது. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் நோயுற்றார்கள். கிருமியின் டி.என்.ஏ. வகை பண்ணை மாடுகளில் இருந்ததோடு பொருந்தியது. விசாரணை ஆணையம் அந்தப் பண்ணைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் முறைப்படியே எரு போட்டிருந்தார். குளோரின் சரியாகக் கலக்காமல் பதிவேட்டில் மட்டும் எழுதி வைத்தவர்கள் மீதுதான் கேள்வி எழுந்தது. எங்கிருந்து வந்தது என்பதும் யார் பொறுப்பு என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதற்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

நேர்மாறான கதையும் உண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய் நீரால் சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. ஏரியில் கலக்கும் ஆறுகளின் கரையில் மாடுகள் இருந்ததால் முதலில் சந்தேகம் மாட்டின் மேல் விழுந்தது. பின்னாளில் நோயாளிகளின் மாதிரிகளில் டி.என்.ஏ. பார்த்தபோது, பெரும்பாலும் மனிதர்களிடையே பரவும் வகையாக அது இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு ஒடிசாவில் நடந்தது, 2015இல் வெளிவந்தது. 24 கிராமங்கள், மழைக்காலம், 123 பொது நீர்நிலைகள், 137 வீடுகள். வெளிநாட்டு அடையாளங்களை அப்படியே நம்பாமல், நம் நாட்டு மனிதர், விலங்குகளின் கழிவிலேயே அவற்றைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் களத்துக்கு எடுத்துப் போனார்கள். அது சரியான வழி. மாடு தின்னும் தீவனம் மாறினால் குடலும் மாறும், குடியிருப்பவையும் மாறும்.

முடிவைக் கேளுங்கள். குளங்களில் 74 விழுக்காட்டில் விலங்குக் கழிவின் அடையாளம் இருந்தது. மனித அடையாளம் 8 விழுக்காட்டில் மட்டுமே. குடிக்கும் நிலத்தடி நீரில் விலங்கு 10, மனிதன் 4. இதைப் பார்த்தவுடன், மனிதக் கழிவு பெரிய சிக்கல் இல்லை போலும் என்று தோன்றும். அவர்கள் வீட்டுக்குள்ளும் போனார்கள். சேமித்து வைத்த குடிநீரையும் கைகளையும் சோதித்தார்கள். அங்கே மனித அடையாளம் 45 விழுக்காடு வீடுகளில் இருந்தது. விலங்கு அடையாளம் 96 விழுக்காடு வீடுகளில்.

அதாவது, குளத்தில் தேடியதைவிட வீட்டில் அதிகம் கிடைத்தது. ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சிய கை, கோழிக்குஞ்சைப் பிடித்த கை, தண்ணீர்ப் பானைக்குள் போன கை. நம் பள்ளிகளில் ‘கழிப்பறை சென்று வந்தால் கை கழுவு’ என்று சொல்லித் தருகிறோம். மிகச் சரி. ‘ஆட்டையும் கோழியையும் தொட்டு வந்தால் கை கழுவு’ என்று எத்தனை சுவரில் எழுதியிருக்கிறோம்? சாணத்தை நாம் அழுக்காகப் பார்ப்பதில்லை. வாசலில் தெளிக்கிறோம், மெழுகுகிறோம். அந்தப் பழக்கத்தைக் கேலி செய்யத் தேவையில்லை. ஆனால் அமெரிக்காவில் 2010இல் நோய் ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், புதிய மாட்டுச் சாணம் கலந்த நீரின் ஆபத்து மனிதக் கழிவு கலந்த நீரைவிடப் பெரிதாகக் குறைந்ததல்ல என்று கண்டார்கள். கடற்பறவை எச்சத்தில் ஆபத்து குறைவாக இருந்தது. சாணம் தெளித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இப்போது வகுப்பறை. ஒரு பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீர் மாசு பாடம். காரணங்களைப் பட்டியலிடச் சொன்னார் ஆசிரியர். ஒரு பையன் எழுந்து இன்னொருவனைக் காட்டி, “இவங்க வீட்டு ஆடுதான் மிஸ், ஓடைப் பக்கம் பட்டி போட்டிருக்காங்க” என்றான். காட்டப்பட்ட பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஆசிரியர் அதட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. “பட்டிதான் காரணம்னா, பட்டிக்கு மேல தண்ணி எப்படி இருக்கணும்? கீழ எப்படி இருக்கணும்?” என்று கேட்டார். மறுநாள் பட்டிக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில், இன்னும் மேலே தெருப்பாலத்துக்கு அருகே ஒரு பாட்டில் என அவரே நீர் பிடித்து வந்தார். மூன்றும் கறுத்தன. பாலத்தருகே எடுத்ததுதான் முதலில் கறுத்தது.

இதனால் ஆட்டுப் பட்டிக்குப் பங்கில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. கறுப்பு பாட்டில் யாருடையது என்று சொல்லாது. பட்டி மட்டுமே காரணம் என்ற பேச்சு நிற்காது என்பது வரை அது சொல்லும். அந்த ஆசிரியரும் அதுவரைதான் சொன்னார். அன்று பிள்ளைகள் கற்றது டி.என்.ஏ. சோதனையின் தேவையை. அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

பள்ளியில் பி.சி.ஆர். கருவி இல்லை, இருக்கவும் தேவையில்லை. மூன்று பாட்டிலும் ஒரு வரைபடமும் போதும். ஓடையின் வரைபடத்தில் மாட்டுக் கொட்டகை, ஆட்டுப் பட்டி, கழிவுநீர் சேரும் இடம், நாய்கள் திரியும் குப்பைமேடு, அறுவடைக்குப் பின் வாத்து மேயும் வயல் என எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பெயர் எதையும் எழுத விடாதீர்கள். திறந்தவெளியைப் பயன்படுத்தும் குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்கு மறுநாள் ஒருமுறை எடுங்கள். பாட்டில் எத்தனை மணி நேரத்தில் கறுத்தது என்று குறியுங்கள். விரைவில் கறுத்தால் பொதுவாக அசுத்தம் அதிகம். நீரை நீங்கள் எடுங்கள், பிள்ளைகளை ஓடையில் இறக்க வேண்டாம். கறுத்த பாட்டிலை முகர்ந்து பார்க்கக் கூடாது. கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஒரு நாள் வைத்து, பிறகு கழிப்பறையில் கொட்டுங்கள்.

உரை முடிந்ததும் ஓர் ஆசிரியை கேட்டார்: “டி.என்.ஏ. சோதனை இவ்வளவு சொல்கிறது என்றால், குடிநீர் பாதுகாப்பானதா என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாமே சார்?”

பார்க்க முடியாது. குளோரின் போட்டு பாக்டீரியா செத்த பிறகும் அதன் டி.என்.ஏ. சில காலம் நீரில் கிடக்கும். பி.சி.ஆர். செத்ததையும் எண்ணும், உயிருள்ளதையும் எண்ணும். யாருடைய கழிவு என்று கேட்க அது ஏற்றது. இந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கலாமா என்று கேட்க, உயிருள்ள ஈ.கோலை வளர்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனைதான் வேண்டும்.